சமயமும் ஐயமும்

ஐயம் என்பது சமயத்துக்குப் பகை என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சமய வகுப்பிலே ஓர் இளைஞன் எழுந்து, “இது எவ்வாறு பொருந்தும்?” என்று கேட்டுவிட்டால், ஐயுறுவோன் அழிவான் என்று கீதையே கூறுகின்றதே எனச் சொல்லி அவனை இருத்திவிடும் பெரியோர் உளர். கீதையின் நான்காம் அத்தியாயத்தில் அக்கருத்து உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் அந்நூல் பிறந்த வகையையும் நாம் மறத்தல் ஆகாது. இரு சேனைகளுக்கும் நடுவே வில்லை நழுவவிட்டு, இப்போர் தகுமோ தகாதோ என்று அருச்சுனன் ஐயுற்றிராவிடின், பதினெட்டு அத்தியாயங்களும் எழுநூறு சுலோகங்களும் தோன்றியிரா. கண்ணன் அவனை அதட்டி அடக்கவில்லை. கேட்டவற்றுக்கெல்லாம் விடை பகர்ந்தான். ஈற்றிலும், தான் சொன்னதை முற்றும் ஆராய்ந்து பின் விரும்பியவாறு செய்யும்படியே அவனை விடுத்தான். இந்தப் பதினெட்டாம் அத்தியாயத்துச் செய்தியை நம்மவர் எடுத்துக்காட்டக் கேட்பது அரிது.

கடோபநிடதம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. நசிகேதன் என்னுஞ் சிறுவன் யமனுடைய வாயிலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். அதற்கீடாக மூன்று வரம் கேட்கும்படி யமன் சொன்னான். மூன்றாவதாக அவன் கேட்டது செல்வமன்று, ஆயுளுமன்று. இறந்தவன் இருக்கின்றான் என்பர் சிலர், இல்லை என்பர் சிலர், உண்மை யாது? இதுவே அவன் வினா. தேவர்களுக்கும் இதில் ஐயம் உண்டு, வேறு ஏதேனும் கேள் என்று யமன் எவ்வளவோ ஆசை காட்டினான். சிறுவன் அசையவில்லை. மறைநூல் ஒன்று, தேவர்க்கும் ஐயமுண்டு என்று கூசாமல் உரைப்பதை இங்கே நோக்குக.

நமது சைவ சித்தாந்தத்தில் ஐயத்துக்கு இடம் எங்கே எனச் சிலர் வினவலாம். வாயிலிலேயே உண்டு என்பதே விடை. சிவஞான சித்தியாரைத் திறப்பவர் முதலிற் காண்பது அளவை இயல். அங்கே அருணந்தி சிவாசாரியார் காட்சியை வகுக்கும்போது ஐயக்காட்சியையும் திரிவுக்காட்சியையும் வேறு பிரித்துக் காட்டுகின்றார். மாலை மங்கிய வேளையில் வயல் வரம்பில் நிற்பது கட்டையோ ஆளோ என்று மயங்குவது ஐயம். கட்டையை ஆள் என்றே துணிந்துவிடுவது திரிவு. இரண்டும் குற்றமே. எனினும் ஐயுற்றவன் கிட்டப் போய்ப் பார்ப்பான், திரிபுற்றவன் பார்க்கமாட்டான். நியாய நூலாரும் தாம் வகுத்த பதினாறு பொருள்களுள் ஐயத்தை மூன்றாவதாக வைத்தனர். ஐயம் இல்லாத இடத்தில் ஆராய்ச்சிக்குத் தேவையே எழாது என்பது அவர் கொள்கை.

அளவை இயலைக் கடந்தால் பரபக்கம் வருகின்றது. உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தார் அதில் வந்து நிற்கின்றனர். கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்னும் உலகாயதனுக்கே முதலிடம்! முதலில் அவனுடைய கொள்கையை அவனே சொல்வதுபோல நிறைவாகக் கூறிய பின்னரே ஆசிரியர் மறுக்கப் புகுகின்றார். மறுப்பைப் படியாதவன் உலகாயதன் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அவ்வளவு நேர்மையாக அக்கொள்கை எடுத்துரைக்கப்படுகின்றது.

இந்த அருணந்தியார் தாமே ஐயத்தின் வழியாக வந்தவர் என்பது மரபு. சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றிருந்த அவர், தம்மினும் மிக இளையரான மெய்கண்டாரிடம் மாணாக்கர் பலர் கூடுவதைக் கேட்டு அங்கே சென்றார். ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் ஒன்றும் பேசாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். கேட்டு நின்ற நிலையே விடை என்றுணர்ந்த முதியவர் இளையவர் காலில் வீழ்ந்தார். இக்கதையைப் பெரியோர் நமக்குச் சொல்லும்போது அகந்தை கூடாது என்ற பாடத்துக்காகச் சொல்கின்றனர். நமக்கோ அதில் வேறொன்றும் தெரிகின்றது: கேட்க வந்தவரை மெய்கண்டார் திருப்பி அனுப்பவில்லை.

இனி நமது நாட்டு வரலாற்றுக்கு வருவோம். ஈழத்துத் தமிழரிடையே ஐயம் என்பது ஓர் ஆயுதமாக உருவெடுத்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அதன் கதை ஒரு சந்திர கிரகணத்தில் தொடங்குகின்றது எனலாம்.

1823இல் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரக் கலாசாலையைத் தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி என்று அது பேர்பெற்றது. அதன் முதல் தலைவர் தானியேல் பூவர் பாதிரியார். 1829 மார்ச்சு 20ஆந் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப்பற்றி அராலியூர் விசுவநாத சாத்திரியார் தமது பஞ்சாங்கத்தில் கணித்திருந்தார். பூவரும் மேலைநாட்டு முறைப்படி கணித்தார். தொடங்கும் நேரத்திலும், நீடிக்கும் காலத்திலும், மறைப்பின் அளவிலும் இரண்டும் வேறுபட்டன. பாதிரியார் இவ்வேறுபாட்டை முன்னதாகவே ஊரறியச் செய்தார். கிரகண இரவில் மக்கள் வானத்தைப் பார்த்து நின்றனர். பூவருடைய கணிப்பே பொருந்தியது.

இதைக்கொண்டு பாதிரிமார் எழுப்பிய வாதம் எளியது. உங்கள் பஞ்சாங்கம் பிழை. ஆதலால் உங்கள் புராணம் பிழை. ஆதலால் உங்கள் சமயமும் பிழை என்பது அது. செமினரி மாணவர் பலரை இவ்வாதம் உலுக்கியது. ஆயின் அது நிற்கும் கால் உறுதியானதன்று. விசுவநாத சாத்திரியார் இராகு விழுங்கும் கதையைக் கொண்டா கிரகண நேரத்தைக் குறித்தார்? அவரும் கணித்தே குறித்தார். நெடுங்காலத்துக்கு முன் வகுத்த எண்கள் திருத்தப்படாமல் வழங்கியமையாற் பிழை புகுந்தது. அவ்வாறு பிழை புகும் என்பதும், வானத்தைப் பார்த்துத் திருத்தவேண்டும் என்பதும் நம் கணிதருக்குப் புதிய செய்தி அல்ல. கேரளத்துப் பரமேசுவரர் கிரகணங்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நேரிற் கண்டு, பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் திருக்கணிதம் என்னும் முறையை இயற்றினார். முன்னோர் கணக்கை ஐயுறாதவர் அவ்வளவு காலம் இரவில் விழித்து வானத்தைப் பார்த்திரார். அத்தகைய திருத்தம் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைச் சேரவில்லை என்பதே 1829இல் நேர்ந்த குறை. (வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் நம்மிடையே தீரவில்லை. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் இரு பஞ்சாங்கக்காரரும் ஒத்துப்போவதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் மருத்துநீர் வைக்கும் நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர்.)

எவ்வாறாயினும் விதை ஊன்றப்பட்டுவிட்டது. 1841இல் அமெரிக்க மிசனார் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்து, சமய விவாதத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. ஆனால், பிறர் நூலை ஐயுறக் கற்றுக்கொண்ட மாணவன், கற்பித்தவர் நூலை மட்டும் விட்டுவைப்பான் என எண்ணியது பாதிரிமாரின் தவறு. ஒரு கூர்மையான கத்தியை ஒருவன் கையிற் கொடுத்துவிட்டு, அது வெட்டவேண்டிய திசையையும் தாமே முடிவுசெய்யலாம் என அவர்கள் கருதினர்.

அந்தத் திசை மாறிய வரலாறே நாவலர் வரலாறு. 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம், பேர்சிவல் பாதிரியாரின் வெசுலியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாருடன் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வெளிவந்தது. மொழிபெயர்ப்பவன் நூலொன்றைப் படிக்கும் முறை வேறு. வழிபடுவோன் படிக்கும் முறை வேறு. மொழிபெயர்ப்பவன் ஒவ்வொரு சொல்லையும் இதுவோ அதுவோ என்று ஐயுற்றே முன்செல்லவேண்டும். இவ்வாறு விவிலியத்தைச் சொற் சொல்லாக எடைபோட்ட சைவர் அக்காலத்தில் அவரைப்போல் வேறொருவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. கிறித்துவப் பாடசாலையிற் படித்த நாமும் விவிலியத்தைப் பன்முறை கேட்டவர்கள்தாம். ஆயின் காலை வழிபாட்டிற் கேட்பது காதின் மேலோடு போய்விடும்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிலேயே மிசன் வேலையைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவ தூஷண பரிகாரம் வெளிவந்தது. அந்நூலின் போக்கு நோக்கற்பாலது. சைவர் கோயில் கட்டுவதையும், அபிடேகம் செய்வதையும், தூப தீபம் காட்டுவதையும் பாதிரிமார் பரிகசித்தனர். நாவலரோ, யெகோவாவுக்கு ஆலயமும் பலியும் தூபமும் விளக்கும் விதிக்கப்பட்ட பழைய ஏற்பாட்டுப் பகுதிகளை எடுத்துவைத்து, இவை உங்களுக்குத் தகும் எனின் எங்களுக்கு ஏன் தகாது என வினவினார். மிசனில் தாம் கற்ற பாடத்தை மிசனுக்கே திருப்பி ஒப்புவித்தார் எனலாம்.

எதிர்ப்பக்கத்தாரையும் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. பூவருக்குப் பின் செமினரியை நடத்தியவர்களுள் ஒருவரான ஓய்சிங்றன் பாதிரியார், மறுப்பதற்காகவே நம் நூல்களைப் படிக்கப் புகுந்தவர். படிக்கப் படிக்க ஆழம் அவரை இழுத்தது. 1848இல் இந்துக்களின் வான கணிதத்தைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். 1854இல் தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் மூன்றையும் ஆங்கிலப்படுத்தி அமெரிக்காவில் வெளியிட்டார். சிவஞானபோதம் மேல்நாட்டறிஞர் கையை எட்டியது ஒரு பாதிரியார் கையால் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பேர்சிவலும் பிற்காலத்தில் வெசுலியன் சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தார். ஐயம் எந்தப் பக்கத்தில் நுழையும், எவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று எவரும் கணக்கிட முடிந்ததில்லை. கிரகணத்தைக் கணித்த பூவரும் இதைக் கணிக்கவில்லை. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டிய அளவுக்குக் கிறித்துவத்துக்கு ஆட்சேர்க்கவில்லை என்று கண்ட அமெரிக்க மிசன் மேலிடம் 1855இல் செமினரியை மூடிவிட்டது.

மூடிய செமினரியின் மாணவர் இருவர் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. சுப்பிரதீபம் என்ற நூலால் நாவலரை எதிர்த்தவர். பின்னர் சைவத்துக்கே திரும்பியவர். மற்றவர் சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. கிறித்துவக் குடும்பத்தில் வளர்ந்து சைவத்துக்கு மீண்டவர். இவரை நாம் பதிப்பாசிரியராகவே அறிவோம். ஆனால் ஐயத்தின் வரலாற்றிலும் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு என்பது எமது துணிபு.

ஏடு பார்த்துப் பதிப்பித்தல் என்பது என்ன? நூறாண்டுகளாகப் பிரதிமேற் பிரதியாக எழுதப்பட்ட ஓலையில், எழுதினோன் கைப்பிழை எங்கே, ஆசிரியர் சொல் எங்கே என்று எழுத்தெழுத்தாக ஐயுறுதல். ஓர் ஏட்டை மட்டும் நம்பினால் வேலை சுலபம், நூல் கெட்டது. பல ஏடுகளைத் தேடி, ஒன்றை மற்றொன்றால் ஐயுற்று, பாடபேதம் கண்டு, எது பொருந்தும் எனத் துணிந்தால் நூல் வாழும். தொட்டால் நொறுங்கும் ஏடுகளுடன் தாம் பட்ட பாட்டை அவர் தமது பதிப்புரையில் எழுதியுள்ளார். 1868இல் தொல்காப்பியச் சேனாவரையம் நாவலர் பரிசோதிக்க அவரால் வெளிவந்தது. பின்னர் வீரசோழியம், இறையனார் களவியல், கலித்தொகை, சூளாமணி என ஒவ்வொன்றாக வந்தன. வீரசோழியம் பௌத்தருடைய இலக்கணம். சூளாமணி சமணருடைய காப்பியம். சைவத்துக்கு மீண்ட ஒருவர் பரசமய நூல்களையும் அதே கவனத்தோடு காத்தார். செமினரி கற்றுத்தந்த ஐயம் இங்கே பிறரை வீழ்த்தும் கருவியாக நிற்கவில்லை. தன் கையிலுள்ள ஏட்டையே சோதிக்கும் கருவியாயிற்று.

நாவலரிடத்தில் அது அவ்வளவு தூரம் செல்லவில்லை என்று கூறினால் பெரியோர் முகம் சுளிக்கலாம். அவர் பெருமையை நாம் குறைக்கவில்லை. கோயில்களில் ஆகமத்துக்கு மாறான நடைமுறைகளை அவர் அஞ்சாது கண்டித்தார். நல்லூர்க் கோயிலையும் விடவில்லை. ஆனால் சாதி என்ற வாசலில் அவருடைய வினா நின்றுவிட்டது. அவ்வொழுங்கை அவர் ஐயுறவில்லை, காத்தார். அவ்வினாவைப் பின்னர் எழுப்பியோர் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்கள். 1957இல் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று உள்ளே படிக்கும் சமயத்தைப் பார்த்து, அப்படியாயின் இவ்வாசல் ஏன் அடைபட்டது எனக் கேட்டது சமயத்துக்குப் பகையா? அதைவிடச் சைவமான ஐயம் ஒன்றை நாம் அறியோம்.

இன்னொன்று. நாவலர் இயற்றிய சைவ வினாவிடை நம் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வருகின்றது. வினாவும் விடையுமாக எழுதும் அமைப்பை அக்காலத்துப் பாதிரிமாரின் ஞானோபதேச நூல்களிலும் காணலாம். அதில் வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. மாணவனுக்கு உரியது மனனம் ஒன்றே. அந்நூல் எதிரியின் முற்றுகைக்குள் இருந்த ஒரு சமுதாயத்துக்கு எழுதப்பட்டது; அக்காலத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் முற்றுகைக்காலப் பழக்கம் நம்முடன் தங்கிவிட்டது. பரபக்கத்தை முதலில் வைத்த மரபினர், பரபக்கத்தையே மறந்துபோயினர். பிறர் சமயத்தை ஐயுற நமக்கு நன்றாகத் தெரியும். நம் பிள்ளை நம்மிடம் ஐயுற்றுக் கேட்டால் மட்டும் திகைக்கின்றோம்.

வன்னியிலே இது ஏட்டுச் சுரைக்காய் விவாதமன்று. 2009 மே மாதம் முடிவுற்ற யுத்தத்தின் இறுதி மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த மக்கள் நமது ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே கொண்டுவரப்பட்டனர். செட்டிகுளத்தை அடுத்த மனிக்பாம் முகாம்கள் 2012 செப்டெம்பரிலேதான் முற்றாக மூடப்பட்டன. ஓமந்தையிலும் வட்டுவாகலிலும் தம் பிள்ளையைக் கையளித்ததாகவும் அதன்பின் காணவில்லை என்றும் சாட்சியமளித்த பெற்றோர் பலர். 2017 பெப்ரவரியில் இவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கிளிநொச்சியில் அவர்கள் பந்தலிட்ட இடம் கந்தசுவாமி கோயில் முன்றில். அவர்கள் கேட்டது ஒன்றே: என் பிள்ளை இருக்கின்றானா, இல்லையா? நசிகேதன் கேட்டது இவ்வினாவையே. அவன் காத்தது மூன்று இரவுகள். இவர்கள் காத்தது ஆண்டுக்கணக்கில். விடையறியாமலே கண்மூடிய தாய்மாரும் உளர்.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் இப்பகுதி அறநெறி வகுப்புகளில் இருக்கின்றனர். முருகன் அப்போது எங்கே இருந்தான் என்று அவர்களுள் ஒருவர் கேட்டால் நாம் கூறும் விடை என்ன? வினைப்பயன் என்ற ஒரு சொல். இறந்த குழந்தையின் வினையா, பார்த்து நின்ற தாயின் வினையா, குண்டு வீசியவனுக்கு வினை இல்லையா என்று அடுத்து வரும் வினாக்களை நாம் கேட்பதில்லை, கேட்க விடுவதுமில்லை. அருணந்தியார் வினையைப்பற்றி ஒரு சொல்லில் முடித்தாரல்லர். ஆசங்கையும் விடையுமாகச் சுபக்கத்தில் செய்யுள் பல செய்தார். கிறித்துவப் பாடசாலையில் நாம் கற்ற யோபுவின் கதையிலும், துன்பப்பட்டவனிடம் இது உன் பாவத்தின் பயனே என்று விடை கூறிய நண்பர்களைக் கடவுள் கடிந்துகொண்டார். வாதாடிய யோபுவை அன்று. தோமாவும் காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார். அவருக்கும் காயம் காட்டப்பட்டது. ஆறுதல் தேடி வேறு சபைகளை நாடிச் செல்வோரைக் குறைகூறுமுன், அவர்கள் நம்மிடம் கேட்டபோது நாம் எவ்வளவு நேரம் இருந்து கேட்டோம் என்பதையும் எண்ணிப்பார்க்கலாம்.

ஆதலின் நமது சங்கத்துப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். வருகின்ற ஆண்டில் வளர்ந்த மாணவர்க்குரிய வகுப்பில் மாதம் ஒருநாள் பரபக்கம் படிக்க இடந்தரவேண்டும். உலகாயதன் பகுதியைக் கற்பிக்கும் நாளில், அவன் பக்கத்தை ஒரு மாணவன் எடுத்துப் பேசட்டும்; மறுப்பை மற்றொருவன் பேசட்டும். தலைமை தாங்கும் ஐயா முடிவில் மட்டும் பேசினாற் போதும்.